அதிராஜேந்திரன் பிழைத்த கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நிஜத்தில் கலகத்தில் மாண்ட சோழ மன்னன் அதிராஜேந்திரன் பிழைத்திருந்தால் என்று நாம் சேர்ந்து எழுதும் கற்பனைக் கதையில், சோழப் படை எந்த மாதம் துங்கபத்திரையைக் கடந்து சாளுக்கியத் தலைநகர் கல்யாணிக்குப் போகும் என்று இரண்டு அணியும் சண்டை போட்டது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், மறுபடி கிளற வேண்டாம். கதை நிற்கிறது. சோழ அணியும் சாளுக்கிய அணியும் ஒரே கோப்பில் திரும்ப எழுதத் தொடங்கிவிட்டன. 1070-71 பகுதியை இரண்டு அணியும் ஒப்புக்கொண்டு பூட்டியாகிவிட்டது. நன்றியைச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஆறப்போட்டால் அது வெறும் சடங்காகிவிடும்.

முதல் நன்றி கர்நாடகத்தில் கொப்பள் பக்கத்து டீச்சரம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போடவில்லை. அவர் எந்த அணியிலும் இல்லாதவர், கதை எழுதுகிறவரும் இல்லை. துங்கபத்திரைக் கரையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் ஓசூரில் இருப்பதால் தமிழ் கேட்டால் புரியும், எழுத வராது. வாக்குவாதம் உச்சத்தில் இருந்தபோது, கன்னடத்தில் கையால் எழுதிய ஒரே ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வரி: "இதைப் பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுங்க."

அந்தத் தாளில் பன்னிரண்டு வரிசை, மாதத்துக்கு ஒன்று. முதல் கட்டத்தில் கன்னட மாதமும் அதன் பக்கத்தில் தோராயமான தமிழ் மாதமும். அடுத்தடுத்த கட்டங்களில் ஆறு எப்படி இருக்கும், நிலத்தில் என்ன பயிர், வண்டி போகுமா, மாட்டுக்கு என்ன கிடைக்கும். அவ்வளவுதான். 1953ல் அணை கட்டி முடித்த பிறகு ஆற்றின் போக்கே மாறிவிட்டது என்பதால், இன்றைய நீர்வரத்தை அவர் தொடவே இல்லை. அணைக்கு முந்தைய ஆற்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசிக் கேட்டதை மட்டும் எழுதியிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: நீங்கள் எழுதுகிற வருஷத்தில் அதிக மாதம், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் பதின்மூன்றாவது மாதம், வருகிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ் மாதம் சூரியனை வைத்து நடக்கிறது, கன்னட மாதம் அமாவாசையை வைத்து நடக்கிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அதிக மாதம் வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்க்காமல் எழுதினால் ஒரு படையெடுப்பு மூன்று வாரம் முன்னே பின்னே போய்விடும்.

தாளில் உள்ளது இதுதான். ஊரில் பெரிய மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் வெள்ளம் வரும், ஏனென்றால் தண்ணீர் மேற்கே மலைநாட்டிலிருந்து இறங்குகிறது. ஆனி கடைசியில் ஏறத் தொடங்கி ஆடி, ஆவணியில் கரை தொடும். அந்தக் காலத்தில் பரிசல்தான் வழி. ஆளைக் கடத்தலாம், நெல் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தலாம், வண்டியைக் கடத்த முடியாது. புரட்டாசியில் உள்ளூர் மழை விழுந்து கரிசல் ஊறும். அதில் வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அந்த ஈரத்தை நம்பித்தான் புரட்டாசி, ஐப்பசியில் சோளம் விதைக்கிறார்கள். கார்த்திகையில் ஆறு வடிந்து பாறை தலைகாட்டும். தை, மாசியில் அறுப்பு. பங்குனி, சித்திரையில் ஆறு குட்டைகளாகச் சுருங்கிவிடும், கரிசல் வெடித்துக் கிடக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதே பெரும்பாடு.

அடியில் தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்த ஒன்றுதான் இரண்டு அணியையும் உட்காரவைத்தது. வெள்ளம் வடிந்ததும் படை கடந்தது என்று எழுதிவிடாதீர்கள், கார்த்திகையில் சோளம் வயலில் நிற்கிறது, நிற்கிற பயிரை மிதித்துக்கொண்டு வருகிறவன் யாருடைய மைத்துனனாக இருந்தாலும் ஊர் அவனுக்குக் கிணற்றைக் காட்டாது. அறுப்பு முடியட்டும். அப்போது வழியும் கிடைக்கும், சோளத்தட்டையும் கிடைக்கும்.

இந்தச் சோளத்தட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ பசுந்தீவனம், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 300 யானைக்கு 45 டன். மாட்டுவண்டி அரை டன் சுமந்தால் தினமும் 90 வண்டி தீவனம். பத்து நாளுக்கு 900 வண்டி, அதை இழுக்க 1800 மாடு, அந்த மாடுகளுக்கும் தீனி. ஆகவே தீவனத்தை யாரும் சுமந்துகொண்டு போவதில்லை. தீவனம் இருக்கிற இடத்துக்கு, இருக்கிற மாதத்தில் போகிறார்கள். வரைபடத்தில் அம்புக்குறி போடுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். தூரத்தை அளப்பார்கள், வயலைப் பார்க்க மாட்டார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கல்யாணிக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 750 கிலோமீட்டருக்கு மேல். நடந்து போகிற வழி ஆயிரத்துக்குக் குறையாது. நாளைக்கு 15 கிலோமீட்டர் என்றால் துங்கபத்திரை வரைக்குமே 45 நாள், ஓய்வு நாள் தனி. தெற்கு முனையிலும் ஒரு கதவு உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரும்படை நகராது. ஒரு அணி துங்கபத்திரையை ஆவணியில் கடக்க வேண்டும் என்றது, மறு அணி எந்த மாதத்திலும் கடக்க முடியாது என்றது. தாளையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நாள் தானாக விழுந்தது: 1070 மார்கழியில் புறப்பாடு, தை முடிவில் ஆற்றங்கரை, அறுத்த வயல் வழியாக மாசியில் வடகரை, 1071 பங்குனியில் கல்யாணி. யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆவணி போய் மார்கழி வந்ததால் கதையும் வளமாகிவிட்டது. நிஜத்தில் நடந்தது உங்களுக்கு மனப்பாடம். சோழ மன்னன் வீரராஜேந்திரன் மறைந்ததும் அவன் மருமகனான சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் காஞ்சி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் வந்து மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்புகிறான். அவன் துங்கபத்திரைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கலகத்தில் மைத்துனன் மாண்டான், ஆந்திரக் கரையோர வேங்கி நாட்டு ராஜேந்திரன் குலோத்துங்கனாகச் சோழ அரியணையில் முடிசூடினான் என்று சேதி வருகிறது. நம் கதையில் மாறுவது ஒன்றே ஒன்று, அதிராஜேந்திரன் பிழைக்கிறான். இப்போது அவன் ஐந்தாறு மாதம் சும்மா இருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பில் தலைநகரில் கலகக்காரர்களோடு பேரம், வேங்கியில் ஒரு ஏமாந்த ராஜேந்திரன், வடக்கே கல்யாணியில் தம்பி விக்கிரமாதித்தன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சாளுக்கிய மன்னன் இரண்டாம் சோமேசுவரன். ஆவணி அவசரத்தில் இவர்கள் யாருக்கும் இடமே இருந்திருக்காது.

டீச்சரம்மாவின் தாள் ஏன் இவ்வளவு தூரம் செல்லுபடியானது என்று யோசித்துப் பார்த்தால், நம் கையில் இருக்கும் மற்ற எல்லாச் சான்றும் ஏதோ ஒரு பக்கத்து ஆள் சொன்னது. விக்கிரமாதித்தன் தன்னிடம் அடைக்கலம் வந்தான், இரட்டபாடியை (சாளுக்கிய நாட்டை) அவனுக்கு எறிந்து கொடுத்தேன் என்கிறது வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரை. சோழன்தான் தூது அனுப்பி, பெண்ணைக் கொடுத்துச் சமாதானம் தேடினான் என்கிறார் விக்கிரமாதித்தனின் அவைக்கவி பில்ஹணர். ஒரே கல்யாணம், இரண்டு மாமனார் வீடு! மெய்க்கீர்த்தியை மேற்கோள் காட்டினால் மறு அணி பில்ஹணரை எடுக்கும். சோளத்தட்டைக்கு மெய்க்கீர்த்தி கிடையாது.

இனி மற்றவர்களுக்கு மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். குறைவாக எழுதுவதால் குறைந்த உதவி என்று எண்ண வேண்டாம்.

கல்வெட்டு ஆண்டுகளை இன்றைய ஆண்டுகளோடு பொருத்த ஆண்டு ஏணி போட்டுக் கொடுத்த கல்வெட்டு வாசகர்களுக்கு நன்றி. ஆட்சியாண்டு எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் காட்டிய இரண்டு உதாரணம் போதும். சோழ மன்னன் ராஜாதிராஜனின் 36ஆம் ஆண்டு என்பது 1053-54. தந்தை உயிரோடு இருக்கும்போதே 1018ல் இளவரசாக முடிசூடியதிலிருந்து எண்ணப்பட்டது அது. அதிராஜேந்திரனுக்கு 3ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு, ஆனால் தனியாக ஆண்டது சில மாதமே. கல்வெட்டில் வரும் சக சகாப்த ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவதிலும் பொறி இருக்கிறது. கடந்த ஆண்டு என்றால் 78 கூட்ட வேண்டும், நடப்பு ஆண்டு என்றால் 77, தை முதல் பங்குனி நடுவரை வருகிற தேதிக்கு அதோடு இன்னும் ஒன்று. விக்கிரமாதித்தன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணும் சாளுக்கிய விக்கிரம ஆண்டைக் கவனிக்கச் சொன்னதும் அவர்கள்தான். நிஜத்தில் அது 1076ல் தொடங்குகிறது. நம் கதையில் விக்கிரமாதித்தன் 1071லேயே அமர்ந்துவிடுவதால், அதன்பிறகு நாம் புனைகிற கன்னடக் கல்வெட்டு ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டு எண்ணில் ஐந்து கூடும்.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று தடவை எழுதலாம் என்ற யோசனையைத் தந்தவருக்கும் நன்றி. ஒன்று சோழ மெய்க்கீர்த்தி நடையில், ஒன்று சாளுக்கியப் புகழுரை நடையில், மூன்றாவது ஏதோ ஒரு ஊர்க் கோயில் சுவரில். மூன்றாவதில் போரே இருக்காது. நந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடு) தொண்ணூறு கொடுத்தான் இன்னான், சாட்சி இன்னார் என்றுதான் இருக்கும். ஆனால் ஆடு கொடுத்தவனின் ஊர் எது, அவன் ஏன் இங்கே வந்து கொடுக்கிறான் என்று கேட்டால் போர் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த பக்கங்கள் எல்லாம் இந்த மூன்றாவது வகைதான்.

சேதி ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாது என்று விதி போட்டு, அதைக் கடைசிவரை காவல் காத்தவருக்கு நன்றி. மைத்துனன் பிழைத்தான் என்று விக்கிரமாதித்தனுக்குத் தெரிய 17 நாள், கல்யாணிக்குத் தெரிய 25 நாள் என்று தெரிந்த பிறகு பாதி உரையாடல்களை மாற்றி எழுத வேண்டியதாயிற்று, எல்லாம் நன்மைக்கே. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவை இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓட விட்டவருக்கும். கர்நாடகத்து ஐஹொளே பேரைச் சொல்லிக்கொண்டு, சோழ நாட்டில் கடை விரித்து, 1088ல் சுமத்ராவின் பாருஸில் தமிழ்க் கல்வெட்டு வைத்தவர்களை எந்த அணியில் சேர்ப்பது? சேர்க்காமல் விட்டது சரியான முடிவு.

சோழப் படை வடக்கே போவதாக இருந்தாலும் 1070ல் சிங்கள மன்னன் விஜயபாகு சோழரிடமிருந்து பொலன்னறுவையைப் பிடித்தது மாறாது என்று நின்ற இலங்கை மாத்தளை நண்பருக்கு நன்றி. இலங்கையின் தெற்கே ரோகணத்திலிருந்து பல வருஷம் போராடி வந்தவனை ஒரு வரியில் தோற்கடிக்க அவர் விடவில்லை. சோழக் காசையும் சாளுக்கியக் கத்யாண நாணயத்தையும் பிரித்து வைத்தவர், வரைபடத்தில் ஆற்றுத்துறைகளைக் குறித்தவர், இரவோடு இரவாக இரண்டு வரைவையும் வரி வரியாக ஒப்பிட்டு ஒட்டியவர்கள், கோபத்தில் எழுதிய பதில்களை அனுப்பாமல் வைத்திருந்த எல்லாரும்: நன்றி, நன்றி.

இனிமேல் நடைமுறை ஒன்று. எந்தப் பகுதியைப் பூட்டுவதற்கு முன்னும் எதிரணி நாட்டு மொழியில் படித்து வளர்ந்த ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். கதை பிடிக்கிறதா என்று கேட்க வேண்டாம். எங்கள் ஊரில் இது நடக்குமா என்று மட்டும் கேட்டால் போதும். அடுத்த பகுதியின் கன்னட வடிவம் தமிழோடு சேர்ந்தே வெளிவரும். இதற்கு நான் பொறுப்பு, வாக்கு தருகிறேன்.

டீச்சரம்மாவின் தாளைத் தமிழாக்கி, மூலப் படத்தோடு கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஓசூர் மகள்தான் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தார், அவருக்கும் நன்றி. வேங்கிப் பகுதி 1073 முதல் 1076 வரை இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஏமாந்த ராஜேந்திரன் அங்கே என்ன செய்கிறான் என்று எழுத ஏற்கெனவே நிறையப் பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். எழுதுவதற்கு முன் கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இதேபோல ஆளுக்கொரு தாள் வேண்டும். ராஜமகேந்திரபுரம் (இன்றைய ராஜமுந்திரி) பக்கம் வயதான விவசாயிகள் யாரையாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.