காட்பாடி டீக்கடையில் பார்த்த அண்ணாவுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காட்பாடி ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில் என் மகளின் செயற்கைக் காலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். 11 வயது, இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. திங்கட்கிழமை பள்ளியில் ஓட்டப்பந்தயம். ஆனால் அவள் வளர்ந்துவிட்டாள், மீதிக் காலை உள்ளே நுழைத்து மாட்டும் கிண்ணம் போன்ற சாக்கெட் வளரவில்லையே. எலும்பு முட்டும் இடத்தில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டுப் போன இடத்தில் பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணா, நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை. "நான் இந்த வேலைதாம்மா செய்றேன், பார்க்கட்டுமா?" என்று நீங்களே வந்து, எங்களை ஆட்டோவில் உங்கள் பட்டறைக்கு அழைத்துப் போய், ஷட்டரை மறுபடி திறந்தீர்கள். அவள் காலில் வலிக்கும் இடத்தில் லிப்ஸ்டிக் தடவி, சாக்கெட்டை மாட்டி நிற்கச் சொல்லிக் கழற்றினீர்கள். உள்ளே சிவப்பு ஒட்டிய இடம்தான் அழுத்தும் இடம். அந்த இடத்தைச் சூடாக்கி வெளிப்பக்கம் தள்ளி, ஓரத்தைத் தேய்த்து, அப்புறம் இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்து, உயரம் குறைகிறது என்று சாக்கெட்டுக்குக் கீழே உள்ள குழாயையும் சரிசெய்தீர்கள். பேசியதெல்லாம் என்னிடம் இல்லை, அவளிடம்தான். எங்கே வலிக்கிறது என்று ஒரு குழந்தையிடமே இவ்வளவு பொறுமையாகக் கேட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

காசு வாங்கவில்லை. புண் ஆறும் வரை ஓடக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னீர்கள். அவசரத்தில் பெயர்கூடக் கேட்காமல் குடியாத்தம் ரயிலுக்கு ஓடிவிட்டோம்.

அந்தப் பந்தயத்தில் அவள் ஓடவில்லை அண்ணா. நேற்று மாலை தெருவில் ஓடினாள்.