வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, பில்டரைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்

அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். குடியிருந்தவர் காலி செய்யும்போது “சுவரெல்லாம் ஓதம், பெயின்ட் செலவு” என்று அட்வான்சில் பிடித்துக்கொள்வது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் அந்த ஓதத்துக்கான காரணம் கட்டும்போதே உள்ளே வைத்துப் பூசப்பட்டது. அந்தச் செலவு பில்டருடையது.

2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14(3) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை இருந்து, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், இந்த உரிமை ‘ஒதுக்கீடு பெற்றவருக்கு’, அதாவது வீட்டை வாங்கியவருக்கு உரியது. யார் அவர் என்று சொல்லும் 2-ஆம் பிரிவு, மறுவிற்பனையில் வாங்கியவரைச் சேர்த்துக்கொள்கிறது. வாடகைக்கு இருப்பவரை வெளிப்படையாக விலக்குகிறது. தினமும் கசிவைப் பார்ப்பவர் கேட்க முடியாது. கேட்க முடிந்த நீங்கள் அங்கே இல்லை. கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே, குடியிருப்பவர் புகார் சொன்னதும் அவரைச் சந்தேகிக்காமல் சோதித்துப் பாருங்கள். குளியலறைக்குக் கீழே உள்ள வீட்டின் சீலிங்கில் ஈரமா? தரையிலுள்ள ட்ராப்பின் (தண்ணீர் வடியும் துவாரத்தின்) வாயை இறுக அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் ஆவியாகலாம். அதற்கு மேல் இறங்கி, கீழே ஈரமும் பரவினால் வாட்டர்ப்ரூஃபிங்கோ ட்ராப்பைச் சுற்றிய மூட்டோ சரியில்லை. மட்டம் இறங்காமலே கீழே சொட்டினால் உள்ளே பதித்த குழாயைப் பாருங்கள். பிளம்பர் பிரஷர் பம்ப் வைத்துச் சொல்லிவிடுவார். டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் பூசுவது இரண்டுக்குமே மருந்தல்ல.

சீலிங் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதென்றால், குடியிருப்பவரைக் குறை சொல்ல இடமே இல்லை. கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சிறு கட்டை) வைக்காமல், கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படுத்திருக்கக் காங்கிரீட் போட்டால் இப்படித்தான் ஆகும். கடலோர ஊரில் உப்புக் காற்று நேரே படாத பகுதிக்கே 30 மி.மீ., நேரே படும் பகுதிக்கு 45 மி.மீ. உறை (கம்பியை மூடும் காங்கிரீட்) வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது ஆபத்து. கீழே குழந்தைகள் படுத்துத் தூங்குகிறார்கள்.

பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோட்டு மயிரிழை வெடிப்பு என்றால், பூசும்போது அந்த இணைப்பின் மேல் கம்பி வலை வைக்கவில்லை என்று ஊகிக்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அப்படியல்ல. இரு முனையிலும் தேதியோடு கோடு போட்டு வையுங்கள். அது கோட்டைத் தாண்டினால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்.

குடியிருப்பவர் துளையிட்டுக் குழாயை ஓட்டையாக்கினால் அது அவர் பொறுப்புதான், மறுக்கவில்லை. மற்றபடி, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், வயரிங் ஆகியவற்றை உங்கள் பக்கம்தான் வைக்கிறது. குழாய்த் திருகு, சுவிட்ச், பூட்டு போன்றவை அவருக்கு.

இந்த வாரமே வீட்டை ஒப்படைத்த கடிதத்தைத் தேடி எடுத்து, 5 ஆண்டு எப்போது முடிகிறது என்று பாருங்கள். குடியிருப்பவர் அனுப்பும் தேதியிட்ட படங்களை இணைத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பில்டருக்கு அனுப்புங்கள். பராமரிப்பு அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிட்டு வருவது போதாது. மொட்டைமாடி, வெளிப்புறக் குழாய்களுக்குச் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பெயரில் தனிக் கடிதம் அனுப்புங்கள். மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடம் ரெராவில் பதிவாகாமல் இருக்கலாம். அப்போது நுகர்வோர் ஆணையத்தை நாடுங்கள்.

பில்டரின் ஆட்கள் வந்து பூசிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடாதீர்கள். மறுபடியும் 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டுச் சீலிங் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு போடுங்கள். குடியிருப்பவர் அந்த ஒரு நாளுக்கு வேறு குளியலறைக்கு ஏற்பாடு செய்துகொள்ள, முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுகளை ஆய்வு செய்வோர்