ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளியின் வழக்கமான சுற்றறிக்கை பிரெஞ்சில் பிள்ளைகளின் பைக்குள் வந்திருக்கும். இது தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டாருக்கு, அதிலும் தாத்தா பாட்டிகளுக்கு, நான் தனியாக எழுதுவது.

மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்ததை நினைவுகூரும் பிப்ரவரி 1 விடுமுறைக்கு முன் ஐந்தாம் வகுப்பில் அடிமை முறை பற்றிய பாடம் தொடங்குகிறது. அது முடிந்ததும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் வருகை. பள்ளி வாசலில் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு என் காதில் விழுந்தது. "கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்தானே, சாமியார்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லித் தருவார்கள்" என்பது ஒன்று. "நம்மவர்கள் தொழில் தெரிந்து மரியாதையோடு வந்தவர்கள், நம்மை ஏன் அடிமைக் கதையில் சேர்க்கிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் பூசி மெழுகப் போவதில்லை.

முதலில் திருச்சபையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு அரசன் பெயரால் 1723-இல் இந்தத் தீவுக்கும் ரெயூனியனுக்கும் ஓர் ஆணை வந்தது. அடிமைகள் எல்லாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்து வேதம் கற்பிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. அதே ஆணைதான் அவர்களை மேசை நாற்காலி போல விற்கவும் வாங்கவும் கூடிய அசையும் சொத்தாகவும் எழுதி வைத்தது. பிள்ளைகள் இரண்டையும் கேட்பார்கள். பேர் லவாலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். செப்டம்பர் 8 இரவு அவர் கல்லறை இருக்கும் சேன்த்-குருவாவுக்கு நடந்து போகிறவர்களில் நம் காவடிக் குடும்பங்களும் உண்டு. மருத்துவராக இருந்து குருவானவர் அவர். 1841-இல் இங்கே வந்து, விடுதலை பெற்ற அடிமைகளிடையே அவர்களுடைய மொழியிலேயே பேசி உழைத்தார். ஆனால் 1723-ஐச் சொல்லாமல் 1841-ஐ மட்டும் சொன்னால், அவர் யாரைத் தேடி வந்தார், அவர்கள் ஏன் அந்த நிலையில் இருந்தார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் புரியாது.

இனி நம் பக்கம். 1735-இல் ஆளுநராக வந்த லபோர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். போர்ட் லூயி நகரம் எழுந்ததில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே இந்தியக் கரையிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அது போதாதென்று, இங்கே சுதந்திரமாக வாழ்ந்த இந்தியர்களில் சிலர் தாங்களே அடிமைகளை வைத்திருந்தார்கள். இதைச் சொல்ல எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. பாடத்திலிருந்து விட்டுவிட அது ஒரு காரணம் ஆகாது.

பாடத்தின் முதல் நாள் ஆசிரியை நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கும் கீழே இந்தி. 1998-இல் இந்த வரிசையை மாற்றி அச்சிட்டபோது தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். முன்னால் வந்தவர்கள் நாங்கள் என்பதுதான் அன்றைய வாதம். அது பலித்தது. வகுப்பில் கேட்கப்போகும் கேள்வி வேறு: முன்னால் வந்தவர்களில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்களும் இருக்கிறார்களே, அவர்களுடைய மொழி எதுவும் இந்தத் தாளில் ஏன் இல்லை?

கணக்கு வகுப்பும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். 1834-இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் ஓர் ஆளுக்கு மாதம் 5 ரூபாய் கூலி. அரிசி, பருப்பு, உப்பு தனி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். காய்ச்சலில் ஆறு நாள் படுத்தவன் கையில் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். அன்று வீட்டுக்கு வந்து கேள்விமேல் கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள்.

வம்சாவளி மரம் வரையச் சொல்லும் வீட்டுப்பாடம் இந்த ஆண்டு கிடையாது. நம் குடும்பங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போனால், ஒப்பந்தத்தில் வந்த பாட்டனாரின் பதிவு எண்ணையும் ஊரையும் தேடி எடுக்க முடிகிறது. அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் பிள்ளைக்கு அப்படி ஒரு பதிவேடு பெரும்பாலும் இல்லை. ஒரு பிள்ளை தங்கச் சட்டம் போட்ட படத்தோடு வர, இன்னொன்று வெறுங்கையோடு நிற்பதை நான் அனுமதிக்க மாட்டேன். பதிலாக, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் சின்ன வயதில் பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டு, ஐந்து வரி எழுதி வந்தால் போதும். கரும்புத் தோட்டம், துறைமுகம், தையல், மீன்பிடி, எதுவானாலும் சரி. தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். இணையத்திலிருந்து வண்ணப்படம் அச்செடுத்து ஒட்டவும் வேண்டாம். அதற்கு மதிப்பெண் இல்லை.

பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு நாள் போர்ட் லூயிக்கு அழைத்துப் போகிறோம். பழைய இராணுவ மருத்துவமனையில் உள்ள அடிமை முறை அருங்காட்சியகம் முதலில், பிறகு ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறையான ஆப்ரவாசி காட். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆப்ரவாசி காட்டில் கரையிறங்கியவர்கள் ஏறிய 16 கல் படிகளைப் பார்ப்பார்கள். உடன் வர விரும்பும் பாட்டிமார் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். போன தடவை பிள்ளைகளைவிட அவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

பிள்ளையின் பையில் தொப்பி, தண்ணீர், மதியச் சாப்பாடு இருக்கட்டும். வீட்டில் பழைய ஒப்பந்தச் சீட்டோ புகைப்படமோ இருந்தால் அசலை அனுப்ப வேண்டாம், கைபேசியில் படம் எடுத்து வகுப்பாசிரியைக்கு அனுப்புங்கள். சம்மதச் சீட்டு வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பயணம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்