யோகனுக்கு, எஞ்சின்காரன் எழுதுவது

திருக்கடலூர்,
திருகோணமலை.
ஏப்ரல் 28

அன்புள்ள யோகன்,

உன் கடிதமும் படமும் வந்து இரண்டு கிழமையாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பலைக் குற்றம் சொல்லாதே. என் காதைச் சொல். வலது காது ஏறக்குறைய அடைத்தே போய்விட்டது. நாற்பது வருடம் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவனுக்கு இதுதான் ஓய்வூதியம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கருவியை மாட்டச் சொன்னார். மாட்டினால் முற்றத்தில் கோழி கிளறுவதும் பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதும் துல்லியமாகக் கேட்கின்றன, எதிரே இருப்பவர் பேச்சுத்தான் விளங்குவதில்லை. கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

படத்தில் சிவப்பு உடுப்பும் தொப்பியுமாக நீ நிற்பதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் திமிங்கிலத்தின் கறுப்புத் துடுப்பு எழும்பி நிற்கிறது. உன் முகத்தில் வீரத்தை விடப் பயம்தான் அதிகம். நோர்வேயில் துரோம்சோவிலிருந்து ஷேர்வொய் வரை போய், மீன் கூட்டத்தின் பின்னால் வந்த திமிங்கிலங்களைப் பார்த்திருக்கிறாய். கிட்டப் போனதும் படகுக்காரர்கள் டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் ஓட்டினார்கள் என்று எழுதி, "இதெல்லாம் எதற்கு? திமிங்கிலத்துக்குக் காது வலிக்குமா?" என்று கேட்டிருந்தாய். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பாய். ஆனால் நீ கேட்டது ஓர் எஞ்சின்காரனிடம், அதுவும் செவிடனிடம். பேத்தியைப் பிடித்து, கிடைத்ததையெல்லாம் தேடி எடுத்து வாசித்துக் காட்டச் சொன்னேன். உரத்துத்தான் வாசித்தாள், பாவம்.

நீ நாட்டை விட்டுப் போன பிறகு நடந்ததை முதலில் சொல்கிறேன். யுத்தக் காலத்தில் இரவில் துறைமுகத்துத் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள், யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று. அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் கட்டில் காலுக்கு வந்துவிடும். தரையிலிருந்து ஓர் உதைப்பு, பிறகுதான் 'தும்' என்ற ஓசை. காற்றில் ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் போகிறதென்றால் தண்ணீரில் 1,500 மீட்டர் போகிறது. வெளிச்சம் சிறிது ஆழத்திலேயே செத்துப்போகும் இடத்தில் திமிங்கிலத்துக்குக் கண்ணும் தபாலும் எல்லாமே ஒலிதான்.

உங்கள் பக்கத்துக் கடலுக்கு இன்னொரு தந்திரம் இருக்கிறது. இங்கே மேல் தண்ணீர் சூடு, கீழே குளிர். அதனால் சத்தம் கீழ்நோக்கி வளைந்து ஆழத்துக்குப் போய்விடும். துருவக் கடலில் மேற்பரப்பே மிகவும் குளிர்ந்தது, ஒலி அங்கேதான் மெதுவாகப் போகும். ஆகவே சத்தம் மேல்நோக்கியே வளைந்து, பனிக்கட்டியின் அடியில் பட்டுப் பட்டு, மேல் மட்டத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மூச்சு விட மேலே வரும் பிராணியும் அதே மட்டத்தில்தான். பனி அதிகமாக இருந்தபோது அந்தக் கடலுக்குள் கப்பல் வரவில்லை. இப்போது பனி விலக விலகக் கப்பல் வருகிறது.

அது முன்பு அமைதியான இடம் என்று நினைத்துவிடாதே. பனிப்பாறை கடலில் உருகும்போது, ஆயிரக்கணக்கான வருடம் உள்ளே அடைபட்ட காற்று சோடா போத்தலைத் திறந்ததுபோல் பொரிந்து வெளியேறுமாம். பனிப்பாறை இறங்கும் குடாக்கள்தான் இயற்கையில் மிகவும் இரைச்சலான கடலிடங்களாம். ஆனால் அந்த இரைச்சலுக்குள் பிறந்து வளர்ந்த காது அது. கோயில் மணிக்குத் தூங்குகிற பிள்ளை லொறிக் குழலுக்கு விழித்துக்கொள்வதில்லையா?

கப்பல் சத்தத்தின் பெரும் பங்கு எஞ்சினிலிருந்து வருகிறதென்று நீயும் நினைப்பாய். இல்லை, புரொப்பெல்லரிலிருந்து. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தர வேண்டியதில்லை. இலை வேகமாகச் சுழலும்போது அதன் முதுகுப்புறம் அழுத்தம் குறைந்து தண்ணீர் அங்கேயே கொதித்ததுபோல் குமிழியாகும். அடுத்த கணமே குமிழி நொறுங்கும். கழற்றிக் கொண்டுவரும் இலைகளில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கும். விரலால் தடவினால் தோல் கிழியும். சின்னக் குமிழி உலோகத்தையே தின்றிருக்கிறது என்றால் அது போடும் சத்தம் எவ்வளவு என்று யோசித்துப் பார். இலை நெளிந்தால் சத்தம் இன்னும் கூடும். வேகத்தைக் குறைத்தால் குறையும். இதற்கு விஞ்ஞானி வேண்டாம். திருக்கடலூரில் எந்தப் பொடியனும் சொல்வான்.

போஹெட் என்று ஒரு திமிங்கில இனம் இருக்கிறது. பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும். இருநூறு வருடத்துக்கு மேலும் வாழும். 2007 இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒன்றின் உடம்புக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த எறியீட்டித் துண்டு ஒன்று இருந்ததாம். வடதுருவக் கடலில் பாய்க்கப்பல் மட்டும் வந்த காலத்தைக் கேட்ட காது இன்னும் அந்தக் கடலில் எங்கேயோ உயிரோடிருக்கலாம். கிரீன்லாந்துக்கும் சுவால்பார்டுக்கும் நடுவில், வேட்டையில் கிட்டத்தட்ட அழிந்துபோன ஒரு சிறு கூட்டம் 2010 முதல் 2014 வரையான காலத்தில் 184 வகைப் பாட்டுப் பாடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த போஹெட்டுகளைப் பற்றி வாசித்த ஒரு செய்திதான் இந்த இரண்டு கிழமையாக என் மனதை விட்டுப் போகவில்லை. எண்ணெய் தேடும் கப்பல்கள் காற்றுத் துப்பாக்கிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்கவிட்டு, கடலடியிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கேட்கும். பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு வெடி, இரவு பகலாக, வாரக்கணக்கில். அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில் 2007 முதல் 2010 வரை கடலடியில் கருவி வைத்துக் கேட்டார்கள். தூரத்து வெடி மெல்லக் கேட்கத் தொடங்கியதும் திமிங்கிலங்கள் முன்னை விட அதிகமாகக் கூப்பிட்டன. சத்தம் கூடக்கூட, ஓர் எல்லைக்குப் பிறகு கூப்பிடுவதைக் குறைத்தன. மேலும் கூடியபோது பேசுவதையே விட்டுவிட்டன.

போன மாதம் மருமகனின் தங்கை கல்யாணம். மண்டபத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் என்னை இருத்திவிட்டார்கள். பழைய சிநேகிதர்கள் வந்தார்கள். முதலில் நானும் கத்திக் கத்திப் பேசினேன், கேட்டதையே இரண்டு தரம் கேட்டேன். பிறகு தலையாட்டினேன். சாப்பாட்டுப் பந்தி வரும்போது ஒன்றும் பேசாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணர் இப்போது நல்ல அமைதியாகிவிட்டார்" என்று யாரோ சொன்னது மட்டும் கேட்டது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான், யோகன். காது வலிப்பது பிறகு. முதலில் வாய் ஓய்ந்துபோகும்.

வாய் மட்டுமா, வயிறும்தான். கிரீன்லாந்தில் கொம்புத் திமிங்கிலமான நார்வாலின் உடம்பில் கருவி பொருத்திப் பார்த்தபோது, காற்றுத் துப்பாக்கிக் கப்பல் பல கிலோமீட்டர் தள்ளி வரும்போதே இரை தேடும் ஒலியை அவை நிறுத்திவிட்டன. 40 கிலோமீட்டர் தூரத்திலும் மாற்றம் தெரிந்தது. கனடாவில் பாஃபின் தீவின் இரும்புச் சுரங்கம் கப்பல் போக்குவரத்தைக் கூட்டக் கேட்டபோது அங்குள்ள இனுவிட் பழங்குடி வேட்டைக்காரர்கள் நார்வாலைக் காரணம் காட்டி எதிர்த்தார்கள். 2022 இல் அரசு அனுமதி மறுத்தது. எப்போதும் இப்படி நடக்காது, இந்தத் தடவை நடந்தது.

இதை வாசித்தால் நீ சிரிப்பாய். 2001 செப்டம்பரில் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த பின் சில நாள் கப்பல் ஓட்டம் குறைந்துபோனது அல்லவா? கனடாவின் ஃபண்டி குடாவில் கடல் இரைச்சல் 6 டெசிபல் குறைந்தது. அந்த நாட்களில் திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹோர்மோனும் குறைந்திருந்தது. அந்தச் சாணத்தை மோப்ப நாயைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தேடுவார்களாம். உலகத்தில் என்னென்ன வேலை இருக்கிறது பார்.

உங்கள் லோஃபோட்டன் தீவில் 2023 இல் இரண்டு இளம் மிங்கித் திமிங்கிலங்களைப் பிடித்துக் காது சோதித்துவிட்டுத் திரும்ப விட்டார்கள், தெரியுமா? எனக்குச் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவற்றுக்குத் தோலில் மின்வாய் ஒட்டினார்கள். 90,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறதாம். நல்ல காதுள்ள மனிதனுக்கே 20,000தான். என் காதுச் சோதனைப் படத்தில் 4,000க்கு வரும்போதே கோடு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கிவிட்டது.

இங்கே கடல் இப்போது எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. அடுத்த மாதம் கச்சான் காற்று தொடங்கிவிடும். போன வெள்ளி கோணேசர் கோயிலுக்குப் போனவன் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். தூரத்தில் இரண்டு தரம் தண்ணீர்ப் புகை எழும்பியது. அதைச் சுற்றி ஏழு படகுகள். அவற்றில் மூன்று நான் திருத்திய எஞ்சின்கள். 1984 இல் 'டியூலிப்' என்ற பாய்ப்படகில் வந்த வெள்ளைக்காரர்கள் இதே கடலில் நீலத் திமிங்கிலத்தின் குரலைப் பதிவு செய்தார்கள். நீயும் நானும் கரையில் நின்று, மீன் பிடிக்காமல் தண்ணீருக்குள் ஒலிவாங்கி விடுகிறார்களே என்று கேலி செய்தோம்.

படகுக்காரப் பொடியன்களிடம் மெதுவாகப் போங்கள், நெளிந்த இலையோடு போகாதீர்கள் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். நெளிந்த இலையை நிமிர்த்தப் பாதிக் கூலி என்றும் சொன்னேன். இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். ஒருவன் கூலியே தரவில்லை.

உன்னிடம் ஒரு வேலை. அந்த பேட்டரிப் படகைக் கரையில் ஏற்றும்போது அதன் புரொப்பெல்லரைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. எத்தனை இலை, நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். உன் முகம் அதில் வேண்டாம்.

அன்புடன்,
இரத்தினம்