புளியங்குளமும் கிறீன் பார்க்கும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, அப்பா வயலும் வீடுமாகத் திரிகிறார்.

போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்தில் நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரி வாட்டில் எழுதி வைத்திருப்பதெல்லாம் விளங்குகிறது, அதையே அங்கே உள்ளவர்கள் வாயால் சொன்னால் பாதிதான் பிடிபடுகிறது, "எனக்கு இங்கிலீஷ் தெரியாதம்மா" என்று அழுதாய். உனக்கு இங்கிலீஷ் தெரியும் மகள். அதை நீ கண்ணால் படித்தாய். மரத்தடி வகுப்பில், கரும்பலகையில், ஒவ்வொரு சொல்லும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நின்றது. வாயில் அந்த இடைவெளி கிடையாது. சொல்லும் சொல்லும் தொடுகிற இடத்தில் ஒலி மாறும். இது நான் இவ்வளவு காலமும் படிப்பித்த புணர்ச்சிதான்.

ஏ9 வீதியில் வவுனியா பஸ் கொண்டக்டர் கூப்பிடும் ஊர்களை நினைத்துப் பார். புளியங்குளம்: புளி, அம், குளம். நடுவில் இருந்த ம் எங்கே போனது? க சொல்வதற்காக அடிநாக்கு முன்கூட்டியே எழும்பிவிடுகிறது. உதட்டில் பிறக்க வேண்டிய ம், அந்த இடத்துக்கே வந்து ங் ஆகிவிடுகிறது. லண்டனில் கிறீன் பார்க் என்று ஒரு ஸ்டேசன் உண்டு. கெதியாகச் சொல்பவர் வாயில் அது கிறீம் பார்க். ப சொல்ல உதடு ஆயத்தமாகும்போது ன் அங்கே ம் ஆகிறது. அதே கிறீன் 'கார்ட்' என்ற சொல்லுக்கு முன் வந்தால் கிறீங் கார்ட். கிரேட் பிரிட்டன்கூடப் பலர் வாயில் கிரேப் பிரிட்டன்தான். நாங்கள் மாறிய ஒலியை மாறியபடியே எழுதுகிறோம், அவர்கள் பழையபடி எழுதிவிட்டு மாற்றிச் சொல்கிறார்கள். உன் சிரமத்தில் பெரும்பங்கு இதுதான்.

தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றும் உனக்கு மனப்பாடம். மேலே சொன்னது திரிதல். கெடுதலுக்கு வெஸ்ட்மின்ஸ்டரைக் கேள், முதல் ட் பெரும்பாலும் விழுந்துவிடும். 'லாஸ்ட் நைட்' என்பதும் 'லாஸ் நைட்'. மூன்று மெய் சேர்ந்து நெருக்கும்போது நடு மெய் கெடும், மரம் வேர் சேர்ந்து மரவேர் ஆகையில் ம் கெடுவதுபோல. தோன்றல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனையும் இறவும் சேர்ந்தால் இரண்டு உயிருக்கு நடுவில் ய் வந்து ஆனையிறவு ஆகிறது. தென் இங்கிலாந்துக்காரர் அப்படிப்பட்ட இடத்தில் சில உயிர்களுக்குப் பின்னால் ர் போடுவார்கள். 'விக்டோரியா அண்ட்' என்பது 'விக்டோரியாரண்ட்' என்று கேட்கும். எழுத்தில் இல்லாத ர் அது. ஆனால் எழுத்தில் இருக்கும் ர் தனியாக நிற்கையில் ஒலிக்காது: கார் வெறும் 'கா', பின்னால் உயிர் வந்தால் மட்டும் ர் திரும்பி வரும்.

தனி ஒலிகளையும் கொஞ்சம் பார். தொல்காப்பியப் பிறப்பியல் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஒலி பிறக்கும் இடங்களைச் சொல்கிறது. ஆங்கில ஒலியியலும் மெய்களை அப்படித்தான் பிரிக்கிறது: எந்த இடம், காற்று அடைபடுகிறதா, உரசுகிறதா, மூக்கால் போகிறதா. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, தொண்டை அதிர்கிறதா என்று. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. 'பல்' என்ற சொல்லில் வரும் ப வேறு, 'தம்பி' என்ற சொல்லில் வரும் ப வேறு. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப்பார், தம்பியில் அதிரும். அவர்களுக்கு இவை இரண்டும் தனி ஒலிகள், பொருளே மாறிவிடும். சொல்லின் தொடக்கத்தில் ப வந்தால் அதோடு ஒரு மூச்சும் வெளியே வரவேண்டும். வாய்க்கு முன் கடதாசித் துண்டைப் பிடித்தால் அது அசையும். அந்த மூச்சு இல்லாமல் மாத்திரையைப் 'பில்' என்று சொன்னால் கணக்குச் சிட்டையைக் கேட்பதாக அவர்களுக்குப் படலாம். இதை மட்டும் கட்டாயம் பழகு. ட விஷயத்தில் நீ பயப்படத் தேவையில்லை. காற்று, வெற்றி என்று நாங்கள் ற்ற சொல்லும் இடத்தில்தான் அவர்களுடைய நாக்கும் படுகிறது. டீச்சரை நாங்கள் 'ரீச்சர்' என்று எழுதுவதை இந்தியாவில் வேடிக்கையாகப் பார்ப்பார்கள், ஆனால் அந்த ஒலி பிறக்கும் இடம் எங்களிடம் சரியாக இருக்கிறது.

எழுத்து 26தான். தென் இங்கிலாந்து உச்சரிப்பில் வழமையாகக் கணக்கிடும் ஒலிகள் 44: மெய் 24, உயிர் 20. அந்த இருபதில் ஒன்றுக்குச் சொந்த எழுத்தே கிடையாது, ஆனால் பேச்சில் அதிகம் வருவது அதுதான். வாயைத் திறந்தும் திறக்காமலும் சொல்லும் மங்கலான 'அ'. எங்களுக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, குறுகுவது குற்றியலுகரம் மாதிரிச் சில இடங்களில்தான். அவர்கள் அழுத்தம் விழும் அசையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைச் சுருக்கிவிடுவார்கள். 'அண்ட்' வெறும் 'ன்' ஆகும். 'கப் ஒஃப் ரீ' 'கப்ப ரீ' ஆகும். எல்லாச் சொல்லையும் பிடிக்கப் பார்த்ததால்தான் நீ களைத்துப் போகிறாய். அழுத்தம் விழும் சொற்களைப் பிடி, இடையில் இருப்பவை தானாக விளங்கும்.

ஓரிடத்தில் மட்டும் இது ஆபத்து. 'முடியும்' என்பதற்கான 'கான்' பேச்சில் 'கன்' என்று குறுகும். 'முடியாது' என்பதற்கான 'கான்ட்' என்பதில் கடைசி ட் பல வேளை விழுந்து, நெடிலோடு 'கான்' என்று நிற்கும். பெரும்பாலும் குறுகிக் கேட்டால் முடியும், நீண்டு கேட்டால் முடியாது. சந்தேகம் வந்தால், அதுவும் மருந்து விஷயத்தில், ஆமா இல்லையா என்று திருப்பிக் கேட்டுவிடு. கேட்க வெட்கப்படாதே.

அவர்களைப்போல் சுருக்கிக் கதைக்க அவசரப்படவும் வேண்டாம். நீ நிறுத்தி நிதானமாகச் சொல்வதை நோயாளிகள் நன்றாக விளங்கிக்கொள்வார்கள். காதுதான் முதலில் பழக வேண்டும். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் சொல்லும் தரிப்பிடப் பெயர்களைக் கேள், பலகையில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார். எந்த எழுத்து விழுந்தது, எது மாறியது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்குச் சொல். கேட்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா