குளத் திருப்பணி நிறைவு அறிக்கை: வடகரை பற்றி

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அம்மன் அருளால் குளத் திருப்பணி நிறைவுற்று, தை மாதத் தெப்பமும் நடந்தேறிவிட்டது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு முன்மண்டபப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. படிக்கட்டு, மடை, விளக்குக் கம்பம் எல்லாம் அதில் இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். மூன்று கரைக்குக் கல் போட்டவர்கள் வடகரையை மட்டும் ஏன் மண்ணாக விட்டார்கள், பணம் தீர்ந்துவிட்டதா என்கிறார்கள்.

பணம் இருந்தது. எஸ்டிமேட்டும் நான்கு கரைக்கும்தான் போட்டோம். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் பொக்லைன் இறக்கித் தூர் வார ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் காலை, கொட்டிய சேற்றுக் குவியலில் ஏதோ அசைந்தது. விலக்கிப் பார்த்தால் பாலாமை. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். கழுவியபோது பால் நிற வயிறும், ஓட்டின் ஓரத்தில் இயந்திரத்தின் பல் பட்டுப் பிளந்த இடமும் தெரிந்தன. கழுத்தை ஒரு முறை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. மாலைக்குள் இறந்துவிட்டது.

கோடையில் குளம் வற்றினால் பாலாமை சேற்றில் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். இது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை, குழுவின் தவறுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கும் உயிர் அது. வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொன்னபடி மிச்ச வேலையை மண்வெட்டியும் பாண்டுமாக முடித்தோம். கூலி கூடியது. வைகாசியில் முடிய வேண்டிய வேலை ஆடி வரை இழுத்தது. காய்ந்த குளத்தோடு ஆடித் திருவிழா நடந்ததில் பலருக்கும் மனக்குறை. எங்களுக்கும்தான்.

ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டையிட மண்ணுக்கு ஏறி வந்தாக வேண்டும். நாலு பக்கமும் கருங்கல் எழுப்பிவிட்டால் இருக்கிற கிழட்டு ஆமைகள் கொஞ்ச காலம் இருக்கும், குஞ்சு இருக்காது. அதனால்தான் வடகரையைச் சரிவாக, விளக்கு இல்லாமல் விட்டிருக்கிறோம். மண்புற்றையே இடமாகக் கொண்ட சிவன், புற்றிடங்கொண்டார் வீற்றிருக்கும் திருவொற்றியூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆமைக்குப் பத்தடி மண் கொடுப்பது பெரிய காரியமும் இல்லை.

பொதுக்குழுவில் ஒரு பெரியவர், “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்றார். கடன் பாக்கி ஒன்றும் இல்லாததால் ஜப்தி செய்ய அமீனா வர வழியில்லை என்று பொருளாளர் பதில் சொன்னார். வடகரைப் படிக்கு உபயம் எழுதியிருந்த மூவரில் இருவர் மடைக்கு மாற்றச் சம்மதித்தார்கள். ஒருவர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அவர் உரிமை.

தெப்பத்தன்று வாணவேடிக்கை வேண்டாம் என்றது பிள்ளைகள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியபோது, இறகு கறுத்து ஒட்டிப்போய் நின்ற கூழைக்கடாக்களைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆந்திராவின் சூலூர்பேட்டையில் பூநாரைக்கு விழா எடுக்கிறார்களே, நாம் எடுத்தால் என்ன என்று கேட்டவளும் ஒரு பள்ளிச் சிறுமி. அதனால் தெப்பத்தன்று விடிந்ததும் கரையில் உட்கார்ந்து, வந்த பறவைகளை மடையான், வக்கா, நீர்க்காகம், மீன்கொத்தி என்று நோட்டில் எழுதினார்கள். தலைக்கு மேலே முகத்துவாரப் பக்கம் பறந்துபோன கூழைக்கடாவைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டை. கடைசியில் அர்ச்சகர் சேர்க்கச் சொன்னார். சாயங்காலம் தெர்மாகோல் இல்லாமல், மூங்கிலும் காலி டிரம்முமாகக் கட்டிய தெப்பத்தில் அம்மன் மூன்று சுற்று வந்தாள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தெருநாய்கள் வடகரை மண்ணைக் கிளறுவதால் வேலி கட்ட வேண்டும். மூங்கில் வந்து இறங்கிவிட்டது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆள் தேவை. கயிறும் அரிவாளும் கொண்டு வரலாம். கடப்பாரை, மண்வெட்டி வேண்டாம்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்