காவல் நிலையக் கேமராவுக்கு மேயரும் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் கடைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து எங்கள் வீதியில் எட்டு சிசிடிவி கேமராக்கள் வைத்தோம். காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டார்கள், நாங்களும் மனசாரக் கொடுத்தோம். போன ஆடியில் பக்கத்துக் கடை வாசலில் நின்ற பைக் காணாமல் போனது. அப்போதுதான் தெரிந்தது, எட்டில் மூன்றுதான் ஓடுகின்றன. மற்றவை எப்போது நின்றன, பழுதுபார்க்க யார் பணம் தர வேண்டும், எதற்கும் பதில் இல்லை. நிலையத்தில் வியாபாரிகள் சங்கத்தைக் கேட்கச் சொன்னார்கள். சங்கத்தில் மாநகராட்சியைக் கேட்கச் சொன்னார்கள். மாநகராட்சியில் ‘அது போலீஸ் சமாச்சாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்றார்கள்.

அந்தக் கடைசிப் பதில்தான் இதை எழுத வைத்தது.

சட்டப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, உண்மைதான். நகராட்சி அமைப்புகளுக்கென்று அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை தரும் 18 பொறுப்புகளில் தெருவிளக்கு உண்டு, காவல் இல்லை. அதனால் ஒரே கம்பத்தில் விளக்கு எரியாவிட்டால் கவுன்சிலர் மன்றத்தில் பேசுகிறார். அதே கம்பத்தில் தொங்கும் கேமரா செத்துக் கிடந்தால் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் சம்பந்தமே இல்லை என்பது சரியல்ல. தெருக் கேமராவை விடுங்கள், காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமராவிலேயே மேயருக்குப் பங்கு உண்டு. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுழைவாயில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என்று இடங்களையே எழுதிக் கொடுத்தது. இருட்டிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் தாங்கும் சாதனம் கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. இதையெல்லாம் கண்காணிக்க மாவட்டத்துக்கு ஒரு குழு. அதில் மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் இருக்கிறார்கள். கூடவே ஒரு மேயரோ, ஊரகப் பகுதிகளில் மாவட்ட ஊராட்சித் தலைவரோ இருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பது, மாதாமாதம் மாநிலக் குழுவுக்கு அறிக்கை அனுப்புவது, வெளியே வராத மனித உரிமை மீறல் எதுவும் நடந்ததா என்று பதிவுகளைப் பார்ப்பது, இவையெல்லாம் அந்தக் குழுவின் வேலைகள்.

அந்தத் தீர்ப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்புதான், போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் இறந்துபோன சாத்தான்குளம் சம்பவம் நடந்தது. ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் செல்போன் கடை நடத்தியவர்கள், என்னைப் போன்ற வியாபாரிகள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியாள் ஒருவர் மாதம் ஒருமுறை போய், ‘போன வாரப் பதிவைக் காட்டுங்கள்’ என்று கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். தொழில்நுட்பம் படித்தவர்கள்கூடத் தேவையில்லை.

கேட்கிற பொறுப்பைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கும் நீதிமன்றம் சேர்த்துக் கொடுத்தது. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று எங்கள் கவுன்சிலரிடம் கேட்டேன். அப்படி ஒரு குழு இருப்பதே அவருக்குப் புதுச் செய்தி. ஊரகப் பகுதியில் இன்னும் மோசம். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். மாவட்ட ஊராட்சித் தலைவருக்கென்று போட்ட இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே இல்லாமல் போனது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் ரோடும் குடிநீரும் மட்டும்தான் பாதிக்கும் என்று நினைத்திருந்தேன், இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாத அறிக்கையின் ஒரு பிரதி மாநகராட்சி மன்றத்தின் மேசைக்கு வரட்டும். எந்த நிலையத்தில் எத்தனை கேமரா, எத்தனை ஓடுகின்றன, எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று ஒரு பக்கம் போதும். துப்பறியும் ரகசியம் எதுவும் அதில் இல்லை. தெருக் கேமராக்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். சில இடங்களில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, சில இடங்களில் எங்களைப் போன்றவர்களின் நன்கொடை என்று பணம் பல கைகளிலிருந்து வருகிறது. வாங்கும் அன்று போட்டோ எடுக்கிறோம், அப்புறம் பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட யார் கணக்கிலும் இல்லை. பதிவை யார் பார்க்கலாம் என்பதையும் அந்தப் பதிவேட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் போகிற வருகிற தெரு அது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாநகராட்சிகளில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபையில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன், பக்கத்துக் கடைக்காரர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். மாவட்டக் குழுவில் இடம்பெற்றிருக்கும் மேயர்கள் யார் யார், இதுவரை எத்தனை கூட்டங்களுக்குப் போனார்கள் என்று உங்கள் நிருபர்கள் மாவட்டம்தோறும் கேட்டு வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கடைவீதி வியாபாரி ஒருவர்